மிசிசிப்பிக்கு மேற்கே இல்லினாயின் ஒரு துண்டு: கஸ்காஸ்கியா அங்கே எப்படிப் போனது?

கேள்வி – எல்லைக்கோடு

வணக்கம். இல்லினாய்க்கும் மிசூரிக்கும் இடையே மிசிசிப்பி ஆறுதான் எல்லை என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் செயின்ட் லூயிஸ் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் எல்லைக்கோடு ஆற்றைவிட்டு விலகி, மேற்கே ஒரு பெரிய வளைவு போட்டுவிட்டு, கீழே மீண்டும் ஆற்றோடு வந்து சேர்கிறது. அந்த வளைவுக்குள் அகப்பட்டிருக்கும் வயல்வெளியில்தான் கஸ்காஸ்கியா என்ற சிற்றூர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதன் மக்கள் 21 பேர். இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரும் இதுவே என்று படித்தபோது எனக்கு நம்புவதற்குக் கடினமாக இருந்தது.

பயணக் கட்டுரைகள் பலவற்றில் "1881இல் ஒரே இரவில் ஆறு ஊரை விழுங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையில் நடந்தது அதுதானா? ஆறு இடம் மாறிய பிறகும் மாநில எல்லை மட்டும் ஏன் மாறவில்லை? இன்று இருப்பது பழைய ஊரின் மிச்சமா, அல்லது பெயரை மட்டும் தாங்கி நிற்கும் வேறு ஊரா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1 – வண்டல்

"ஒரே இரவில்" என்பது கதைக்கு நன்றாக இருக்கும். ஆற்றின் போக்குக்குப் பொருந்தாது. என்ன நடந்தது என்பது புரிய வேண்டுமானால், 1881க்கு முன்பு அங்கே நிலம் எப்படி அமைந்திருந்தது என்பதை முதலில் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும்.

அங்கே இரண்டு ஆறுகள் உண்டு. மேற்கே மிசிசிப்பி, கிழக்கே, சுண்ணாம்புக்கல் மேட்டின் அடிவாரத்தை ஒட்டி, அதனுடன் கலக்க வரும் கஸ்காஸ்கியா ஆறு. பின்னது வடகிழக்கிலிருந்து வந்தவுடனே மிசிசிப்பியில் விழுந்துவிடாமல், சில மைல் தூரம் அதற்கு இணையாகத் தெற்கு நோக்கி ஓடி, இன்றைய செஸ்டர் நகருக்கு அருகில்தான் அதனுடன் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே தெற்கு நோக்கி நீண்ட ஒரு நாக்குப்போல வண்டல் நிலம் கிடந்தது. அந்த நிலத்தில், சிற்றாற்றின் மேற்குக் கரையில் ஊர் இருந்தது. ஊருக்கு வடக்கே இரண்டு ஆறுகளும் மிக நெருங்கி வந்த இடம் ஒரு குறுகிய கழுத்து. ஊரின் தலையெழுத்து அந்தக் கழுத்தில்தான் இருந்தது.

மிசிசிப்பி அந்தக் கழுத்தைக் கிழக்கு நோக்கி ஆண்டுக்கு ஆண்டு அரித்துக்கொண்டே வந்தது. வளைந்து ஓடும் ஆறு வெளி வளைவை அரிப்பதும் உள் வளைவில் மணல் சேர்ப்பதும் இயல்பு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த அரிப்பு வேகம் பிடித்ததற்கு மனிதர்களும் காரணம் என்று ஆய்வாளர்கள் சிலர் காட்டுகிறார்கள். 1817இல் முதல் நீராவிப் படகு செயின்ட் லூயிஸை எட்டியது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் படகுகளின் உலைக்கு விறகுதான் தீனி. அந்த விறகு கரையோர மரங்களிலிருந்தே வெட்டப்பட்டது. மண்ணைப் பிடித்து வைத்திருந்த வேர்கள் போனபின் கரை சரிந்தது, ஆறு அகன்றது, ஆழம் குறைந்தது, ஓட்டம் நிலையில்லாமல் போனது. இது முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மரம் இருந்திருந்தாலும் அந்தக் கழுத்து என்றாவது ஒருநாள் அறுந்தே இருக்கும். ஆனால் மரம் வெட்டாமல் இருந்திருந்தால் அது அந்தத் தலைமுறையில் நடந்திருக்காது என்று எண்ணுவதற்கு இடம் இருக்கிறது.

1881 ஏப்ரலில், வசந்தகால வெள்ளத்தின்போது, கழுத்து அறுந்து மிசிசிப்பி நீர் கஸ்காஸ்கியா ஆற்றுக்குள் பாய்ந்தது. அந்த வழி குறுகியது. ஆகவே சரிவு அதிகம். எனவே, மிசூரிக் கரையிலுள்ள செயின்ட் மேரி என்ற ஊரை ஒட்டி மேற்கே சுற்றிக்கொண்டு போன பழைய பாதையைப் பேராறு படிப்படியாகக் கைவிட்டு, ஊரின் வாசலில் ஓடிய சிற்றாற்றின் படுகையைத் தனதாக்கிக்கொண்டது. ஒரு கண்டத்தின் பெரும்பகுதிக்கு வடிகாலாக இருக்கும் ஆறு, சிறிய ஓர் ஆற்றின் தடத்துக்குள் நுழைந்தால் தனக்கு வேண்டிய அகலத்தை அது தானே வெட்டிக்கொள்ளும். கிழக்கே பாறை மேடு இருந்ததால் அந்தப் பக்கம் அது அசையவில்லை. மேற்கே இருந்தது வெறும் வண்டல். அந்த வண்டலின் மேல்தான் ஊர் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஊர் கரையத் தொடங்கியது. தெரு தெருவாக, வீடு வீடாக, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது நீடித்தது. மக்களுக்குச் சாமான்களை எடுத்துக்கொண்டு போக நேரம் இருந்தது. தேவாலயத்தின் செங்கற்களைக் கழற்றிக்கொண்டு போகவும், கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை மாற்றவும்கூட நேரம் இருந்தது. 1890களில் ஏறத்தாழ 3,800 கல்லறைகளின் மிச்சங்கள் ஆற்றுக்குக் கிழக்கே மேட்டின்மீது, பழைய கோட்டையை ஒட்டிய கேரிசன் ஹில் என்ற இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. ஒரே இரவில் அழிந்த ஊரில் இதெல்லாம் எப்படி நடக்கும்?

எல்லைபற்றிய கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ஆறு சிறுகச் சிறுக நகர்ந்தால் எல்லையும் அதனுடன் நகரும். ஆறு திடீரென்று பழைய படுகையைவிட்டு வேறு வழி பிடித்தால் எல்லை பழைய படுகையிலேயே நின்றுவிடும். இது நெடுநாளாக வழங்கிவரும் சட்ட நெறி. 1877இல் மிசூரி ஆறு இப்படித் தாவியதால் ஐயோவாவின் கார்ட்டர் லேக் என்ற ஊர் நெப்ராஸ்காவின் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது. 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் இதே நெறியைத்தான் உறுதிசெய்தது. கஸ்காஸ்கியா நிலமும் அவ்வாறே இல்லினாயின் ராண்டால்ஃப் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற பிரிவு) உரியதாகவே இருக்கிறது. அங்குள்ளவர்கள் தங்கள் கவுண்டித் தலைநகரான செஸ்டருக்குப் போக வேண்டுமானால் மிசூரிக்குள் நுழைந்து, தெற்கே இறங்கி, பாலம் கடந்து மீண்டும் இல்லினாய்க்குள் வர வேண்டும். கடிதங்களும் மிசூரியின் செயின்ட் மேரி அஞ்சல் குறியீட்டில்தான் வருகின்றன.

மறுமொழி 2 – பழஞ்சுவடி

வண்டல் அவர்கள் ஆற்றின் பக்கத்தைத் தெளிவாக விளக்கிவிட்டார். ஆனால் ஆறு வருவதற்கு முன்பே அந்த ஊர் பாதி வெறுமையாகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. ஆறு விழுங்கியது ஒரு தலைநகரை அன்று. தலைநகராக இருந்து ஓய்ந்துபோன ஒரு கிராமத்தைத்தான்.

தொடக்கம் 1703. 1675இல் மார்க்கெட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வடக்கே இல்லினாய் ஆற்றங்கரையில் தொடங்கிய இயேசு சபை மறைப்பணி, கஸ்காஸ்கியா பழங்குடியினர் இடம் பெயர்ந்தபோதெல்லாம் அவர்களுடனே நகர்ந்து, இறுதியில் இந்த நாக்கு நிலத்தில் நிலைகொண்டது. பின்னால் பிரெஞ்சு வணிகர்களும் குடியானவர்களும் வந்தார்கள். நில அமைப்பிலேயே அவர்களுடைய முத்திரை இருந்தது. வீடுகள் ஊருக்குள் நெருங்கி இருக்கும். வயல்கள் ஊருக்கு வெளியே, அகலம் குறைந்து நீளம் மிகுந்த பட்டைகளாக, அடுத்தடுத்துக் கிடக்கும். எல்லாருடைய பட்டைகளையும் சுற்றி ஒரே வேலி. மாடு மேய்ப்பதற்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரு புறம்போக்கு. பிற்காலத்தில் அமெரிக்க அரசு வரைந்த சதுரக் கட்ட நில அளவைக்கு நடுவே, மிசிசிப்பியை ஒட்டிய அந்தப் பகுதியில் மட்டும் சாய்ந்த பட்டைகள் வரைபடத்தில் தெரிவதற்குக் காரணம் இதுதான். கேள்வி கேட்ட நண்பருக்கு வரைபடம் பிடிக்கும் என்று தோன்றுகிறது. வடக்கே பிரேரி டு ரோஷே என்ற ஊரைச் சுற்றியுள்ள வயல்களைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அவருக்கு நன்றாக விளங்கும்.

கோதுமைதான் ஊரின் செல்வம். மாவாக அரைத்துப் படகுகளில் ஏற்றி, ஆற்றின் வழியே நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். அந்தச் செல்வத்தை விளைவித்தவர்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களும் பழங்குடியினரும் அடங்குவர். மறைப்பணி நடத்திய இயேசு சபையினரே அடிமைகளை வைத்திருந்தார்கள். ஊரின் பெருமையைப் பாடும் பலகைகளில் இது சிறிய எழுத்தில்கூட வருவதில்லை என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

1763இல் பிரான்சு தோற்று, நிலம் பிரிட்டனுக்குப் போனது. 1778 ஜூலை 4 இரவு, அமெரிக்கப் புரட்சிப் படைத் தலைவர் ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் ஏறத்தாழ 175 பேருடன் வந்து ஒரு குண்டுகூடச் சுடாமல் ஊரைக் கைப்பற்றினார். பிரான்சு அமெரிக்கப் புரட்சியாளர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்ட செய்தியை அவர் கொண்டுவந்ததும், ஊர்ப் பாதிரியார் பியேர் ஜிபோ அவர் பக்கம் நின்றதும் அதற்குப் பெரிதும் உதவின. அப்போது ஒலித்ததாகச் சொல்லப்படும் தேவாலய மணி 1741இல் பிரான்சில் வார்க்கப்பட்டது. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி அளித்த கொடை என்பது மரபு. பிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற சுதந்திர மணியைவிட அது பதினொரு ஆண்டு மூத்தது.

1809இல் இல்லினாய் ஆட்சிப் பகுதி உருவானபோது கஸ்காஸ்கியா அதன் தலைநகரானது. 1818 டிசம்பரில் மாநிலம் பிறந்தபோதும் அதுவே தலைநகர். சட்டமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. நாளொன்றுக்கு 4 டாலர் வாடகைக்கு ஓர் இரண்டு மாடி வீட்டை எடுத்துக்கொண்டார்கள். முதல் துணை ஆளுநர் பியேர் மெனார்டு கியூபெக்கில் பிறந்த தோல் வணிகர். அமெரிக்கக் குடியுரிமை பெற்று அதிக காலம் ஆகாதவர். அவர் பதவிக்கு வர வேண்டும் என்பதற்காகவே அரசமைப்பில் குடியுரிமைக் கால விதியைத் தளர்த்தினார்கள். சட்டத்தை மனிதருக்கு ஏற்றபடி தைப்பது எல்லா ஊரிலும் உண்டு போலும்.

1820இல் தலைநகர் வான்டேலியாவுக்குப் போய்விட்டது. அதுவும் இதே கஸ்காஸ்கியா ஆற்றின் மேற்பகுதியில், காட்டுக்குள் புதிதாக உருவாக்கிய ஊர். ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சிப் போனார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். மாநிலத்தின் உட்பகுதியில் புதிய மனைகளை விற்றுப் பணம் பார்க்கலாம் என்ற ஆசைதான் பெரிய காரணம். 1844 பெருவெள்ளம் ஊரை மூழ்கடித்தது. அங்கே பெண்களுக்கான பள்ளி நடத்திவந்த விசிட்டேஷன் சபைக் கத்தோலிக்கக் கன்னியர் செயின்ட் லூயிஸுக்குப் போய்விட்டார்கள். சில ஆண்டுகளில் கவுண்டி அலுவலகங்களும் செஸ்டருக்கு மாறின. ஆகவே 1881இல் ஆறு வந்து சேர்ந்தபோது ஊரில் எஞ்சியிருந்தது சில நூறு மக்களும் பழைய நினைவுகளும்தாம்.

இன்னொன்று. அந்த ஊரில் ஒருகாலத்தில் ஏழாயிரம் பேர் வாழ்ந்ததாகப் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுக் காலத்துக் கணக்கெடுப்புகளில் வரும் எண்கள் நூறுகளில்தான் இருக்கின்றன. ஏழாயிரம் என்பது பிற்கால ஊர்ப்பற்று ஊதிப் பெருக்கிய எண் என்றே நான் கருதுகிறேன்.

ஊருக்குப் பெயர் கொடுத்த மக்களைப் பற்றியும் ஒரு சொல். 1803இல் வின்சென்ஸ் உடன்படிக்கையில் கஸ்காஸ்கியா பழங்குடியினர் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். 1832இல் எஞ்சியதும் போய், மேற்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று ஓக்லஹோமாவில் பியோரியா பழங்குடி என்ற பெயரின்கீழ் இருக்கிறார்கள். ஆறு ஊரைத் தொடுவதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே அந்த மக்கள் அந்த மண்ணைவிட்டு அகற்றப்பட்டுவிட்டனர்.

எல்லைக்கோடு

இருவருக்கும் மிக்க நன்றி. இப்போது ஒரு துணைக் கேள்வி. 1993 வெள்ளத்தில், பழைய படுகைக்கும் இன்றைய ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தீவு முழுவதும் மூழ்கியது என்று அறிகிறேன். அதே வெள்ளத்தில் அழிந்த, இல்லினாயின் வால்மேயர் ஊரை மேட்டின்மீது புதிதாகக் கட்டிக் குடியேறினார்கள். கஸ்காஸ்கியாவில் மட்டும் ஏன் அப்படிச் செய்யவில்லை?

மறுமொழி 3 – மண்கரை

அந்தப் பகுதிப் பண்ணைக் குடும்பங்களோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு ஊர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வால்மேயரில் ஏறத்தாழ 900 பேர் இருந்தார்கள். பள்ளி, கடைகள், ஊராட்சி எல்லாம் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வெளியே போய்வருபவர்கள். வீட்டை மேட்டுக்கு மாற்றினால் வாழ்க்கை தொடரும். கஸ்காஸ்கியாவில் இருப்பது நிலம். சோளமும் சோயாவும் கோதுமையும் விளையும் பல ஆயிரம் ஏக்கர் வண்டல் மண். அதை எந்த மேட்டுக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1993க்குப் பிறகு பல குடும்பங்கள் செயின்ட் மேரியிலும் செஸ்டரிலும் வீடு வைத்துக்கொண்டு, பயிர் செய்ய மட்டும் தீவுக்குள் வருகின்றன. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊர் மக்கள் வெறும் 9 பேர் என்று வந்ததற்கு இதுவே காரணம். ஊராட்சியின் எல்லைக்குள் இரவு தூங்குபவர்களை மட்டும் எண்ணினால் அந்த நிலத்தை நம்பி வாழ்பவர்களின் கணக்கு கிடைக்காது.

1993 ஜூலை 22 அன்று, தீவை வெள்ளத்திலிருந்து காக்கும் மண்கரையில் உடைப்பெடுத்தது. கரை உடையும் என்றால் நீர் மேலே வழிந்து வந்து உடைக்கும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் வாரக்கணக்கில் ஒருபக்கம் நீர் நின்றால் கரைக்குள் ஈரம் ஊறி, உட்புற அடிவாரத்தில் மணலோடு நீர் கொப்பளித்து வரத் தொடங்கும். தெளிந்த நீராக வந்தால் பயமில்லை; மணல் கலந்து வந்தால் கரையின் அடிமண் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடனே அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீரைத் தேங்கவிட்டு, எதிர் அழுத்தம் கொடுப்பார்கள். அடைத்து மூடினால் வேறொரு இடத்தில் கொப்பளிக்கும். அந்தக் கோடையில் இரவு பகலாகக் கரைமேல் நடந்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தேடியது இந்தக் கொப்பளிப்பைத்தான். செஸ்டர் அளவுகோலில் வெள்ள அபாய மட்டம் 27 அடி; அவ்வாண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் நீர் ஏறத்தாழ 50 அடியைத் தொட்டது. எந்த மண்கரையும் அவ்வளவு நாள் அதைத் தாங்குவது அரிது.

நீர் வடிந்ததும் கரையை மீண்டும் கட்டினார்கள். அரசுப் பணத்தில் இவ்வளவு குறைந்த மக்களுக்காகக் கரை கட்டலாமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு; கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் விளைநிலத்தின் மதிப்பையும் அந்த இடத்தின் வரலாற்றையும் தலைக்கணக்கால் மட்டும் அளந்து முடிவெடுத்தால், மிசிசிப்பிப் படுகையில் பாதி ஊர்களைக் கைவிட வேண்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

மறுமொழி 4 – பழஞ்சுவடி

நேரில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். செயின்ட் மேரியிலிருந்து கிழக்கே திரும்பினால் ஒரு சிறிய பாலம் வரும். அதன் கீழே பாசி படிந்து, இருபுறமும் மரங்கள் அடர்ந்து, ஓட்டமே இல்லாமல் கிடக்கும் ஓடைதான் 1881க்கு முந்தைய மிசிசிப்பி. பாலத்தைத் தாண்டியதும் இல்லினாய். சமவெளி வயல்களுக்கு நடுவே செங்கல் தேவாலயம் தெரியும். பழைய ஊரில் 1843இல் கட்டிய கோயிலின் செங்கற்களை 1890களில் இங்கே கொண்டுவந்து எழுப்பியது. பக்கத்திலேயே ஒரு சிறிய செங்கல் மண்டபத்தில் விரிசல் விட்ட அந்த மணி இருக்கிறது. ஆகவே "பழைய ஊரின் மிச்சமா, வேறு ஊரா" என்ற கேள்விக்கு நேரான விடை: மனையடி வேறு, செங்கல் பழையது, வயல்களில் ஒரு பகுதியும் பழையதே.

ஆனால் அங்கேயே திரும்பிவிட வேண்டாம். செஸ்டர் பாலம் வழியே ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையில் கோட்டை மேட்டுக்குப் போங்கள். மண் அரண்களின் தடம் மட்டுமே மிஞ்சியுள்ள அந்த மேட்டின் அடிவாரத்தில் மெனார்டின் வீடு இன்றும் நிற்கிறது. உயர்ந்த கல் அடித்தளம், அதன்மேல் நீண்ட தாழ்வாரம், செங்குத்தான கூரை, பின்புறம் தனியாக ஒரு கல் சமையற்கட்டு. சிற்றாற்றின் கிழக்குக் கரையில், பாறையை ஒட்டிக் கட்டப்பட்டதால்தான் அது தப்பியது. எதிர்க்கரையில் இருந்த ஊரில் ஒரு வீடுகூட அதே இடத்தில் மிஞ்சவில்லை. ஊர் இருந்த இடத்தை அந்தத் தாழ்வாரத்திலிருந்து நேர் எதிரே பார்க்கலாம். இப்போது அங்கே சரக்குப் படகுகள் போகின்றன.

வசந்தகாலத்தில் போவதானால் செஸ்டர் நீர்மட்டத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தீவுக்குள் போகும் சாலை ஒன்றுதான். அதில் நீர் ஏறினால் மாற்றுவழி கிடையாது.